மலையிலிருந்து அறுகம்குடாவுக்கு: மூன்று நாள் வேன் பயணத்தைத் திட்டமிடும் முறை

ஜூன் பிறந்துவிட்டால் தலவாக்கலை, ஹட்டன், மஸ்கெலியாப் பக்கங்களில் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. அதே வாரத்தில், இதே தீவின் கிழக்குக் கரையில், பொத்துவிலை அடுத்த அறுகம்குடாவில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். அலைச்சறுக்குக்கு வந்தவர்களால் கடற்கரைத் தெரு இரவு வெகுநேரம் வரை கலகலவென்றிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று தன்னிடமுள்ள ஈரத்தில் பெரும்பகுதியை நமது மலைகளின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு மறுபக்கம் இறங்கும்போது வறண்டுபோகிறது. கிழக்கில் இதைக் கச்சான் காற்று என்பார்கள். ஆகவே நமக்கு எது மழைக்காலமோ அதுவே அங்கே போவதற்கு ஏற்ற காலம். ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் முடியும் வரை நாள் குறிக்கலாம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை அந்தக் கரையை நனைக்கும். அலைச்சறுக்குக்காரர்கள் தெற்கே வெலிகம, ஹிக்கடுவைப் பக்கம் போய்விடுவார்கள். அறுகம்குடாவில் பல கடைகளும் விடுதிகளும் மூடிக் கிடக்கும்.

பெயரில் குழப்பம் வேண்டாம். அறுகம்குடா, அறுகம்பே, உல்லை என்று மூன்று விதமாகவும் சொல்வார்கள். பொத்துவில் நகரத்தைத் தாண்டி, களப்பின் மேலுள்ள பாலத்தைக் கடந்தால் வரும் ஒற்றைத் தெருவும் அதன் பக்கத்துக் கடற்கரையும்தான் நாம் போகும் இடம்.

லாகுகலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

தோட்டப் பகுதிகளில் சுற்றுலா என்றால் இரவில் புறப்படுவதே வழக்கமாகிவிட்டது. வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, பத்து மணிக்கு வேனில் ஏறினால் ஒரு நாள் மிச்சம் என்று நினைக்கிறோம். இந்தப் பாதைக்கு அந்த வழக்கம் ஒத்துவராது. இதிலே இரண்டு இடங்களைக் கட்டாயம் பகல் வெளிச்சத்தில் கடக்க வேண்டும்: ஒன்று எல்லவிலிருந்து வெல்லவாய வரையான இறக்கம், மற்றது சியம்பலாண்டுவவுக்கும் பொத்துவிலுக்கும் நடுவிலுள்ள லாகுகலைக் காடு. லாகுகலை தேசிய பூங்காவின் யானைகள் பொழுது சாயும் நேரத்தில் வீதிக்கு வரும். ஆகையால் மாலை 4 மணிக்கு முன் லாகுகலையைத் தாண்டிவிட வேண்டும் என்பதை முதலில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவதே இந்தப் பயணத்தைத் திட்டமிடும் சரியான முறை.

தலவாக்கலையிலிருந்து அறுகம்குடா வரை ஏறத்தாழ 225 கிலோமீட்டர். ஹட்டனிலிருந்து வருகிறவர்கள் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். தூரத்தைப் பார்த்து நேரத்தை முடிவு செய்யக்கூடாது. நுவரெலியா, வெலிமட, பண்டாரவளை, எல்ல, வெல்லவாய என்று போகும் முதல் பாதி முழுக்க வளைவுகள். அதில் மணிக்கு 25, 30 கிலோமீட்டர் போனாலே நல்ல ஓட்டம். வெல்லவாயவுக்குக் கீழே புத்தள, மொனராகலை, சியம்பலாண்டுவ என்று தரை சமமாகிவிடும். அங்கே வண்டி தானாக ஓடுவது போலிருக்கும். கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வரும் ஏ4 வீதியும் அந்தச் சமதரை வீதியும் ஒன்றே.

காலை 5.30க்குத் தலவாக்கலையில் புறப்பட்டால் 6.30 அளவில் நுவரெலியா. அங்கே நிற்காமல் ஹக்கலையைத் தாண்டிவிடுங்கள். மழைக்காலத்தில் இந்த இடத்தில் ஒரு வேடிக்கை நடக்கும்: நுவரெலியா வரை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வந்த வைப்பர், ஹக்கலையைத் தாண்டிச் சில வளைவுகளுக்குள் காய்ந்த கண்ணாடியில் கிறீச்சிடத் தொடங்கும். ஊவாவுக்குள் வந்துவிட்டோம் என்பதற்கு அதைவிட வேறு பெயர்ப்பலகை தேவையில்லை. வெலிமடையில் காலைச் சாப்பாடு, 9.30 அளவில் எல்ல. இறக்கத்தில் இராவணா நீர்வீழ்ச்சியருகே கால் மணி நேரம். 11 மணிக்கு வெல்லவாய. மதியச் சாப்பாட்டை மொனராகலையில் வைத்துக்கொண்டால் 2.30க்கும் 3க்கும் இடையில் லாகுகலை. இடையில் ஒரு டயர் பஞ்சராகி ஒரு மணி நேரம் போனாலும் 4 மணிக் கணக்கு உடையாது. புறப்படும் நேரமே எட்டு மணியென்றால் அந்தத் தாராளம் இருக்காது. அப்படி நேர்ந்தால் முதல் இரவை மொனராகலையில் கழித்துவிட்டு மறுநாள் காலையில் போவதே மேல்.

அப்புத்தளை, ஹல்துமுல்லைப் பக்கத்தவர்கள் பெரகலையிலிருந்து கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கலாம். 220 மீட்டர் உயரமான தியலும நீர்வீழ்ச்சி அந்தப் பாதையில்தான் இருக்கிறது. பதுளைக்காரர்களுக்குப் பசறை வழியாக மொனராகலைக்கு நேர்வழி உண்டு. இவற்றில் எதில் போனாலும், முந்தின நாட்களில் கனமழை பெய்திருந்தால், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் புறப்படாதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 இலக்கத்தில் அழைத்தும் கேட்கலாம். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தை லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒக்டோபரில் பயணம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேனையும் சாரதியையும் பார்த்து எடுப்பது

பத்துப் பன்னிரண்டு பேருக்கு கே.டி.எச். எனப்படும் டொயோட்டா வேன் போதும். பதினான்கு இருக்கைக்கு இருபது பேரை ஏற்றினால் தலைக்கு ஆகும் செலவு குறையுமே தவிர, எல்ல இறக்கத்தில் அந்த ஆறு பேரின் எடையையும் பிரேக்தான் தாங்க வேண்டும். பேசும்போது தெளிவாக்கிக்கொள்ள வேண்டியவை சில உண்டு: வாடகை நாளுக்கா கிலோமீட்டருக்கா, எத்தனை கிலோமீட்டருக்கு மேல் கூடுதல் பணம், டீசல் யாருடையது, சாரதியின் சாப்பாடும் தங்குமிடமும் யார் பொறுப்பு. கடைசியாகச் சொன்னதை நம்மவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். சாரதியை வேனுக்குள்ளேயே கொசுக்கடியில் படுக்கவிட்டு, மறுநாள் அவரை நம்பி மலையேறுவது நாமே தேடிக்கொள்ளும் வினை. அவருக்கு மின்விசிறியோடு ஒரு கட்டில் வேண்டும் என்று விடுதியிலேயே சொல்லி வையுங்கள்.

வண்டியை முந்தின நாள் வெளிச்சத்தில் பாருங்கள். டயரின் பட்டன் தேய்ந்திருக்கிறதா, ஸ்பெயார் வீலில் காற்று இருக்கிறதா, பிரேக் பேட் எப்போது மாற்றப்பட்டது, காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும் காலாவதியாகாமல் இருக்கின்றனவா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்டால் கோபப்படுகிற சாரதியை விட்டுவிட்டு வேறொருவரைத் தேடுவதே என் வழக்கம்.

இறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எல்ல கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வெல்லவாய சமவெளி. இடையில் 28 கிலோமீட்டர்தான். சில வருடங்களுக்கு முன் நாங்கள் அமர்த்திய வேனின் சாரதி, பாட்டுக் கேட்கும் உற்சாகத்தில், மேல் கியரிலேயே வண்டியை விட்டு, ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். இராவணா நீர்வீழ்ச்சியில் இறங்கியபோது முன் சக்கரத்திலிருந்து கருகிய வாடை வந்தது. பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் அடுப்பங்கரை போல அனல். அவர் உடனே போத்தலிலிருந்த தண்ணீரை ஊற்றப் போனார். பின்னாலிருந்த மாமா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். சூடேறிய இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் டிஸ்க் நெளியலாம், வெடிக்கவும் கூடும். சமமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து, அரை மணி நேரம் தானாக ஆறவிட வேண்டும். அதைவிட முக்கியம், அந்த நிலை வராமல் பார்ப்பது: ஏறுவதற்கு எந்த கியர் தேவையோ அதே கியரில் இறங்க வேண்டும், எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் அவ்வப்போது மட்டும். ஒட்டோமெட்டிக் வண்டியானால் ‘டி’யில் விடாமல் ‘2’ அல்லது ‘எல்’லுக்கு மாற்றச் சொல்லுங்கள். 2025 செப்டெம்பரில் இதே வீதியில் இரவு நேரத்தில் ஒரு பேருந்து பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். இந்த இறக்கத்தில் பாட்டை நிறுத்தச் சொன்னால் இளைஞர்கள் முகம் சுளிப்பார்கள், நிறுத்தத்தான் வேண்டும்.

வாந்தி எடுக்கிறவர்களை முன் இருக்கைகளில் உட்கார வையுங்கள். எல்ல வரும் வரை அவர்களுக்கு இரண்டு இடியப்பத்துக்கு மேல் வேண்டாம்.

லாகுகலைப் பகுதியில் வேகத்தைக் குறைத்து, கண்ணாடிகளை ஏற்றிக்கொள்ளுங்கள். யானை வீதியில் நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, ஹோர்ன் அடிக்காமல், விளக்கை அடித்து அடித்துக் காட்டாமல், அது விலகும் வரை காத்திருக்க வேண்டும். வாழைப்பழம் எறிவதும் இறங்கிப் படம் பிடிப்பதும் அடுத்து வரும் வண்டிக்கு ஆபத்தை வைத்துவிட்டுப் போவதற்குச் சமம். பழம் கிடைத்த யானை அடுத்த வண்டியையும் மறிக்கும்.

பணமும் இடமும்

மூன்று நாள், இரண்டு இரவு என்பது அளவான திட்டம். வேன், டீசல், தங்குமிடம், சாப்பாடு என்று நான்கு தலைப்பில் மொத்தத்தைக் கூட்டி, அதில் பத்தில் ஒரு பங்கை அவசரத்துக்காகச் சேர்த்து, பிறகு ஆட்களால் வகுங்கள். பாதிப் பணத்தை ஒரு மாதத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். கடைசி வாரத்தில் இரண்டு பேர் கட்டாயம் கழன்றுகொள்வார்கள். வேன் வாடகையோ அவர்களுக்காகக் குறையாது. கட்டிய பணம் திரும்பாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் மனஸ்தாபம் இல்லை.

தங்குமிடம் ஜூலை, ஓகஸ்ட்டில் விலையேறும். வெளிநாட்டவர்களின் கூட்டமும் நமது பாடசாலை விடுமுறையும் ஒன்றாக வருகின்றன. மே, ஜூன் மாதங்களில் அல்லது செப்டெம்பர் தொடக்கத்தில் போனால் பேரம் பேச இடமிருக்கும். உல்லைத் தெருவில் கடற்கரைப் பக்கத்து விடுதிகளில் இரவு இசை அதிர்ந்துகொண்டிருக்கும். குழந்தைகளும் வயதானவர்களும் வருகிறார்கள் என்றால் தெருவின் மறுபக்கத்திலோ, பொத்துவில் நகரத்திலோ குடும்ப அறைகள் எடுப்பது நல்லது. தொலைபேசியில் பேசும்போது, எத்தனை பேர் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். நான்கு பேர் என்று சொல்லி ஒன்பது பேர் இறங்கினால் எந்த விடுதிக்காரருக்கும் முகம் மாறத்தான் செய்யும். சமைக்க இடம் தருவார்களா என்றும் கேளுங்கள். பொத்துவில் சந்தையில் மீன் வாங்கி நாமே குழம்பு வைத்தால் செலவு பாதியாகும், ருசியும் நமது ருசியாக இருக்கும்.

பொத்துவில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். கடற்கரையில் எப்படி உடுத்தினாலும் நகரத்துக்குள் போகும்போது ஒழுங்காக உடுத்திக்கொள்வதும், வெள்ளிக்கிழமை நண்பகலில் கடைகள் மூடியிருக்கும் என்று முன்கூட்டியே கணக்கு வைத்துக்கொள்வதும் விருந்தாளிக்கு அழகு. போயா தினத்தில் நாடு முழுவதும் மதுபானக் கடைகள் மூடியிருக்கும் என்பதால், குடிக்கிறவர்கள் இல்லாத அமைதியான பயணம் விரும்பும் குடும்பங்கள் போயாவை ஒட்டி நாள் பார்ப்பதும் உண்டு.

கடலில்

நாம் ஓடையிலும் ஆற்றிலும் குளித்துப் பழகியவர்கள். கடல் வேறு. ஆற்றில் தண்ணீர் ஒரே பக்கம் இழுக்கும்; கடலில் அலை கரைக்குத் தள்ளிவிட்டு, அதே தண்ணீர் ஏதாவதொரு இடைவெளியில் கூடி வேகமாகக் கடலுக்குத் திரும்பும். அந்த இடைவெளியில் அலை உடையாது, நுரையும் குறைவு. ஆகையால் பழகாத கண்ணுக்கு அதுவே அமைதியான, குளிக்க வசதியான இடமாகத் தோன்றும். நீச்சல் தெரிந்தவர்களையும் ஏமாற்றுவது இதுதான். இழுப்பில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக்கூடாது. மிதந்தபடி கையை உயர்த்திக் காட்ட வேண்டும், அல்லது கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியேறிய பின் திரும்ப வேண்டும். காப்பாற்றுகிறேன் என்று நீச்சல் தெரியாதவர் பின்னால் பாயாமல், காலியான தண்ணீர்க் கேனையோ ரப்பர் டியூபையோ வீசட்டும்.

குளிக்க விடியற்காலை 6.30 முதல் 9 வரையான நேரம் நல்லது. வெயிலும் குறைவு, காற்று எழுந்திருக்காது. உள்ளூர் மீனவர்களிடமோ கடற்கரைக் காவலர்களிடமோ இன்று எந்த இடம் பாதுகாப்பு என்று கேட்டு, இடுப்பளவு தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிவப்புக் கொடி நட்டிருந்தால் கால் நனைப்பதோடு சரி. பெண்கள் சேலையோடும் நீண்ட துப்பட்டாவோடும் அலைக்குள் இறங்குவதைத் தவிர்க்க வேண்டும். நனைந்த ஆறு யார் சேலை ஒரு அலையில் காலைச் சுற்றிக்கொள்ளும். டீ சேர்ட்டும் காலோடு ஒட்டிய லெகிங்ஸும் போதும்.

அலைச்சறுக்கு கற்க விரும்புகிறவர்களுக்குக் குடாவுக்குள்ளேயே பேபி பொயிண்ட் என்ற இடம் இருக்கிறது. பலகை வாடகைக்குக் கிடைக்கும். சொல்லிக்கொடுக்கவும் ஆட்கள் உண்டு. தெற்கு முனையிலுள்ள மெயின் பொயிண்ட் தேர்ந்தவர்களுக்கானது, அடியில் பாறை. அங்கே கரையில் உட்கார்ந்து பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு, செலவும் இல்லை.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. பதினைந்து, இருபது பாகை குளிரில் பழகிய உடம்பு முப்பதைத் தாண்டிய சூட்டில் திணறும். பிள்ளைகள் விளையாட்டில் தாகத்தையே மறந்துவிடுவார்கள். பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை நிழலில் இருங்கள். பார்மசியில் ஜீவனி பக்கெட் சிலவற்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அவசரத்துக்கு 1990 அம்பியூலன்ஸ் சேவை இலவசம்.

இரண்டாம் நாள் மாலைக்கு இரண்டு வழிகள். பொத்துவில் களப்பில் படகில் போய்க் கண்டல் காட்டைப் பார்க்கலாம். அல்லது பாணமை வழியாக உகந்தைக்குப் போய் முருகனைக் கும்பிட்டு, இருட்டுவதற்கு முன் திரும்பலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் உகந்தையில் தங்கித்தான் காட்டுக்குள் இறங்குவார்கள். திருவிழாவுக்கு முந்தின வாரங்களில் போனால் வீதியோரமாக நடந்து வருகிறவர்களைக் காணலாம். வண்டியில் தண்ணீர்ப் போத்தல்கள் மேலதிகமாக இருந்தால் அப்போது பயன்படும். குமண தேசிய பூங்காவின் வாசலும் உகந்தையில்தான். உள்ளே போக வேண்டுமானால் ஜீப் அமர்த்த வேண்டும், காலை நேரம் உகந்தது, அடையாள அட்டையை மறக்கக்கூடாது.

திரும்பும் நாள்

மூன்றாம் நாள் இன்னொரு குளியல் என்று இழுக்காமல் காலை 7.30க்குப் புறப்பட்டுவிடுங்கள். பிற்பகலில் ஊவா மலைகளில் இடியோடு மழை வரலாம். அதற்குள் எல்ல ஏற்றத்தை முடித்துவிட வேண்டும். டீசலைப் பொத்துவிலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் ஏ.சி.யை நிறுத்தச் சொன்னால் எஞ்சின் சூடேறாது. வெல்லவாயவுக்கு மேலே காற்றே குளிர்ந்துவிடும். வழியில் மண்சட்டியில் எருமைத் தயிர் விற்கும் கடைகளைக் கண்டால் வாங்கலாம், ஆனால் சட்டியை யாராவது மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மீன் கொண்டுவருவது பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ரிஜிபோம் பெட்டியில் அடியில் ஐஸ், நடுவில் சுத்தம் செய்து பொலித்தீனில் கட்டிய மீன், மேலே மறுபடி ஐஸ் என்று அடுக்கி, மூடியை டேப்பால் ஒட்டிவிட்டால் மாலை வரை தாங்கும். மொனராகலையில் திறந்து உருகிய தண்ணீரை வடித்துவிட்டுப் புது ஐஸ் போடுங்கள். அத்தனை வேலை வேண்டாம் என்றால் கருவாடு வாங்குங்கள். ஆனால் இரண்டு பொலித்தீன் பைகளில் கட்டி, வேனின் கடைசி இருக்கைக்கு அடியில் வையுங்கள். வாந்தி வருகிறவர்கள் முன்னால் உட்கார வேண்டும் என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஸ்வெட்டர்களைப் பையின் அடியில் திணிக்காமல் கைக்கு எட்டும்படி வையுங்கள்; பண்டாரவளை வந்ததும் எல்லோரும் கேட்பார்கள், ஹக்கலையில் வைப்பர் மறுபடி ஓடத் தொடங்கும்.